தெருவில் நான்கு பெண்களுக்குக் கரு கலைந்திருக்கிறது, தண்ணீர்தான் காரணமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலாற்றை ஒட்டி, டேனரிகள் (தோல் பதனிடும் ஆலைகள்) நிறைந்த ஊர். கல்யாணமாகி ஐந்து வருடம். இரண்டு முறை கரு தங்கியும் இரண்டுமே மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. அதே தெருவில் கடந்த இரண்டு வருடத்துக்குள் உங்களையும் சேர்த்து நான்கு பெண்களுக்குக் கரு கலைந்திருக்கிறது. குடிக்கக் காவிரித் தண்ணீர் வருகிறது. வராத நாட்களில் போர் தண்ணீர்தான், அது லேசாக மஞ்சளாகவும் உப்பாகவும் இருக்கிறது. தெருக்காரர்கள் எல்லாவற்றுக்கும் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். பார்த்த மருத்துவர் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மாமியார் உங்கள் உடம்பில்தான் கோளாறு என்கிறார். இதில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் படித்த வகையில் இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. சுற்றுப்புற நச்சுகளால் ஒரு ஊரின் பிள்ளைப்பேறே பாதிக்கப்படுவது உண்மையில் நடக்கக்கூடியதா? நடக்கும் என்றால், உங்கள் தெருவில் நடந்திருப்பது அதுதானா? அப்புறம், நீங்கள் நேரடியாகக் கேட்காமல் விட்டது: என் இரண்டு கருவும் போனது அதனால்தானா, அடுத்ததையாவது காப்பாற்ற முடியுமா? முதல் கேள்விக்கு உறுதியான பதில் இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மூன்றாவதில் போனதைப் பற்றி யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, வரப்போவதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நான் மகப்பேறு மருத்துவர் இல்லை. சமூக மருத்துவம் படித்துவிட்டுத் தொழிற்சாலைப் பகுதிகளில் நோய்க் கணக்கெடுக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். ஆகவே ஊர் அளவில் யோசிப்பது எனக்குப் பழக்கம். உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இது நடக்கக்கூடியதா என்பதில் சந்தேகமே இல்லை. 1977-ல் கலிபோர்னியாவின் லாத்ரோப் என்ற ஊரில் ஒரு பூச்சிமருந்து ஆலை. அங்கே டிபிசிபி என்ற மருந்தைத் தயாரித்தார்கள். வேர்களை அரிக்கும் நூற்புழுக்களைக் கொல்ல மண்ணில் இடுவது அது. அந்தப் பிரிவில் வேலை பார்த்த ஆண்கள் பேச்சுவாக்கில் ஒன்றைக் கவனித்தார்கள்: இங்கே வந்த பிறகு நம்மில் யாருக்கும் குழந்தை பிறக்கவில்லையே! விந்துப் பரிசோதனை செய்தபோது சிலருக்கு அணுக்களே இல்லை, சிலருக்கு மிகவும் குறைவு. எத்தனை வருடம் அந்த மருந்தோடு புழங்கினார்களோ அந்த அளவுக்குப் பாதிப்பு. குறைந்த காலம் வேலை செய்தவர்களில் பலருக்கு, விலகிய பிறகு அணுக்கள் திரும்பின. நீண்ட காலம் செய்தவர்களில் பலருக்குத் திரும்பவே இல்லை. இதில் கோபம் வரவழைப்பது என்னவென்றால், எலிகளின் விரை இந்த மருந்தால் சுருங்குகிறது என்று 1961-லேயே ஆய்வு வெளியாகியிருந்தது. அமெரிக்கா 1979-ல் பெரும்பாலான பயன்பாட்டை நிறுத்தியது, ஹவாயின் அன்னாசித் தோட்டங்களுக்கு மட்டும் 1985 வரை விலக்குக் கொடுத்தது. மத்திய அமெரிக்காவில் வாழைத் தோட்டங்களில் இந்த மருந்தைக் கையாண்ட தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வழக்குத் தொடுத்தார்கள். நான் இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதை முதலில் கண்டுபிடித்தவர்கள் மருத்துவர்கள் அல்ல, சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். தெருவில் நான்கு பேர் சேர்ந்து சந்தேகப்படுவதை ஒரு வரியில் தள்ளிவிடக் கூடாது.

ஜப்பானின் மினமாட்டா இன்னொரு விதமான பாடம். அங்கே ஆலையின் கழிவிலிருந்த பாதரசம் கடலில் மெத்தில் பாதரசமாக மீனுக்குள் ஏறி, மீன் தின்றவர்களின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது. நோய் அதிகாரபூர்வமாகத் தெரியவந்தது 1956-ல். அந்தக் கடற்கரைக் கிராமங்களில் கை கால் விளங்காத குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தபோதும், தாயிடம் பெரிதாக அறிகுறி எதுவும் இல்லாததால் அது வேறு நோய் என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். நஞ்சுக்கொடி விஷத்தை வடிகட்டிவிடும், தாய்க்கு ஒன்றுமில்லையென்றால் சிசுவுக்கும் ஒன்றுமில்லை என்பது அன்றைய பாடம். 1962-ல்தான் அது கருவிலேயே வந்த பாதரச நோய் என்று ஏற்கப்பட்டது. ஜப்பானியக் குடும்பங்களில் குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திப் பெட்டியில் பத்திரப்படுத்தும் வழக்கம் உண்டு. பல வருடம் கழித்து அந்தப் பெட்டிகளைத் திறந்து கொடிகளைப் பரிசோதித்தபோது, எந்தக் காலத்தில் பிறந்த குழந்தை எவ்வளவு பாதரசத்தோடு வந்தது என்பது தெரிந்தது. தாயைத் தாண்டிக் கருவைத் தாக்கும் நச்சு உண்டு என்று உலகம் ஒப்புக்கொண்டதில் மினமாட்டாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. போபாலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்தபோது ஆலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கர்ப்பமாக இருந்த 865 பெண்களை விசாரித்த ஆய்வில், நூற்றுக்கு 43 கர்ப்பங்கள் உயிருள்ள குழந்தையாக முடியவில்லை.

சரி, இவையெல்லாம் பெரிய அளவில் நச்சு ஏறிய இடங்கள். உங்கள் போர் தண்ணீரில் என்ன இருக்கலாம்? டேனரி என்றதும் எல்லோரும் குரோமியம் என்கிறார்கள். ஆனால் குரோமியத்தில் இரண்டு முகம் உண்டு, இந்த வித்தியாசம் தெரியாமல் பேசுவது வீண். தோல் பதனிடப் பயன்படுவது பேசிக் குரோமியம் சல்பேட், அதில் இருப்பது குரோமியம்-3. அது உடம்பில் ஏறுவது மிகக் குறைவு. ஆபத்தானது குரோமியம்-6. அது உயிரணுக்குள் எளிதாக நுழைந்துவிடும், தண்ணீரில் கரைந்தால் மஞ்சள் நிறம் தரும். அது பெரும்பாலும் குரோமேட் ரசாயனம் தயாரிக்கும் இடங்களிலிருந்து வருவது. ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவுக் குவியலை அந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அதைச் சுற்றி நிலத்தடி நீர் மஞ்சளாக வந்தது குரோமியம்-6 ஆல்தான். உங்கள் ஊர் அதற்கு எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. மஞ்சள் நிறம் இரும்பாலும் வரும். குடத்தில் பிடித்து ராத்திரி முழுக்க வைத்தால் அடியில் செம்மண் மாதிரி படிந்து மேலே தெளிந்துவிட்டால் இரும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். தெளிந்த தண்ணீரே மஞ்சளாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். இது தற்காலிகமான சோதனைதான், ஆய்வக அறிக்கைக்கு மாற்று அல்ல.

குரோமியம்-6 பிள்ளைப்பேற்றைப் பாதிக்குமா என்பதற்குச் சென்னையிலேயே நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில், நம் கோவில்களில் திரியும் அதே நாட்டுக்குரங்கு இனத்துக்குக் குரோமியம்-6 கலந்த தண்ணீரை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். விந்தணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் குறைந்தன, விரைத் திசு சிதைந்தது. அந்தத் தண்ணீரை நிறுத்திய பிறகு மெல்ல மெல்லச் சரியானது. இதை வைத்து நாளைக்கே பயந்துவிடாதீர்கள். அந்தக் குரங்குகளுக்குக் கொடுத்த அளவு நம் குடிநீர் வரம்பைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். இந்தியத் தரக்கட்டுப்பாட்டின்படி குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தவிர, குடித்த குரோமியம்-6-ல் பெரும்பகுதியை வயிற்று அமிலம் குரோமியம்-3 ஆக மாற்றிவிடும். மனிதர்களில் கிடைக்கும் ஆதாரம் மெலிவானது. டென்மார்க்கில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டிங் செய்யும் ஆண்களின் மனைவியருக்குக் கரு கலைவது அதிகம் என்று 2000-ல் ஓர் ஆய்வு சொன்னது. வெல்டிங் புகையில் குரோமியம்-6 உண்டு. பின்னால் செய்த பெரிய ஆய்வில் அது உறுதிப்படவில்லை. ஆகவே குரோமியம்-6 உடம்புக்குக் கெட்டது என்பது உறுதி, புற்றுநோய் விஷயத்தில் சந்தேகமே கிடையாது. விலங்குகளில் பிள்ளைப்பேற்றைப் பாதிப்பதும் உறுதி. குறைந்த அளவில் குடித்த பெண்ணுக்கு மூன்று மாதத்துக்குள் கரு கலையுமா என்பது சந்தேகத்துக்குரியது.

டேனரி ஊர்களில் யாரும் பேசாத ஆபத்து ஒன்று இருக்கிறது. உப்பு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு போட்டுத்தான் கொண்டுவருகிறார்கள், அது கழுவப்பட்டு மண்ணுக்குள் இறங்குகிறது. பாலாற்றுப் படுகையில் கிணறுகள் உப்புக் கரித்ததும் நெல்லும் தென்னையும் வாடியதும் முக்கியமாக இதனால். வங்கதேசத்தின் தெற்கே டாக்கோப் என்ற கடலோரப் பகுதியில், உப்புத் தண்ணீர் குடிக்கும் கர்ப்பிணிகளிடம் ரத்த அழுத்தமும் கர்ப்பகால வலிப்புக்கு முந்தைய நிலையும் அதிகம் என்று ஆய்வுகள் காட்டின. அங்கே உப்பு வருவது கடலிலிருந்து, உங்கள் ஊரில் வருவது தோலிலிருந்து. சிறுநீரகத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் அந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒன்று: உப்பால் வரும் சிக்கல் ஐந்து மாதத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். உங்களுக்குக் கலைந்தது மூன்று மாதத்துக்குள், எனவே நடந்ததை உப்பின் மேல் போட முடியாது. அடுத்த கர்ப்பத்தில் ஒவ்வொரு பரிசோதனையிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேட்பதற்கு இது போதுமான காரணம்.

இனி தெருக் கணக்கு. நான்கு பேருக்குக் கலைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அந்த இரண்டு வருடத்தில் தெருவில் மொத்தம் எத்தனை பேர் கர்ப்பமானார்கள் என்பது கேள்வியில் இல்லை. அது இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது. எந்த நச்சும் இல்லாத ஊரிலும் உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை தானாகக் கலையும், சில கணக்குகளில் இருபது வரைகூடப் போகும். பதினைந்து என்று வைத்துக்கொள்வோம். தெருவில் இருபது கர்ப்பங்கள் நடந்து அதில் நான்கு கலைந்திருந்தால், அது வெறும் தற்செயலாக நடக்க மூன்றில் ஒன்றுக்கும் சற்று மேலே வாய்ப்பு இருக்கிறது, ஆச்சரியப்பட எதுவுமில்லை. எட்டுக் கர்ப்பங்களில் நான்கு கலைந்திருந்தால் தற்செயல் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுதான், அப்போது நான் எழுந்து உட்காருவேன். அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. தமிழ்நாட்டில் எத்தனையோ ஆயிரம் தெருக்கள். எங்கோ சில தெருக்களில் தற்செயலாகவே இப்படிக் குவிந்துவிடும், அந்தத் தெருக்காரர்கள்தான் கேள்வி கேட்பார்கள்.

இந்த எண்ணிக்கையை எடுப்பது நீங்கள் நினைப்பதைவிட எளிது. தமிழ்நாட்டில் கர்ப்பம் உறுதியானதும் அரசின் பிக்மி (PICME) என்ற கர்ப்பிணிகள் பதிவில் ஏற்ற வேண்டும், அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டிவரும் என்பதால் அநேகமாக எல்லோரும் பதிகிறார்கள். உங்கள் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தெருவாரியாக எத்தனை கர்ப்பம் பதிவானது, எத்தனை பிரசவமானது, எத்தனை கலைந்தது என்ற விவரம் இருக்கும். ஆட்களின் பெயர் உங்களுக்குத் தேவையில்லை, எண்ணிக்கை போதும். பதிவு செய்வதற்கு முன்பே கலைந்தவை அதில் வராது என்பது ஒரு குறை. அதற்கு ஒப்பாக, காவிரித் தண்ணீர் தினமும் வரும், போர் போடாத தெரு ஒன்றின் கணக்கையும் எடுத்தால் பேச்சுக்கு ஓர் அடிப்படை கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் இந்த இரண்டு எண்களோடு போனால் அவர் உங்களைப் பார்க்கும் விதமே வேறாக இருக்கும், இதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

சிறிய ஊர்களின் கஷ்டம் இங்கேதான். கேரளத்தின் காசர்கோட்டில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் என்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். 1970-களில் தொடங்கி 2000 வரை நடந்தது. உள்ளூர் மருத்துவர் ஒருவர் தன்னிடம் வரும் நோயாளிகளைப் பார்த்துச் சந்தேகப்பட்டு எழுத ஆரம்பித்ததில்தான் வெளியே தெரிந்தது. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் காசர்கோட்டின் பட்ரே கிராமத்துப் பையன்கள் 117 பேரையும் தெளிப்பு இல்லாத ஊரைச் சேர்ந்த 90 பேரையும் ஒப்பிட்டு 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பட்ரே பையன்கள் வயதுக்கு வருவது தாமதமாகிறது, ஆண் ஹார்மோன் குறைகிறது என்று காட்டியது. விரை இறங்காமை, பிறவிக் குடலிறக்கம் போன்ற பிறவிக் கோளாறுகள் பட்ரேயில் நூற்றுக்கு 5.1, மற்ற ஊரில் 1.1. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. ஆனால் ஆட்களாக எண்ணினால் அங்கே ஆறு பையன்கள், இங்கே ஒரு பையன். புள்ளியியல்படி அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றுதான் எழுத முடிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னவர்கள் உண்டு. ஒரு கிராமத்தில் அதற்கு மேல் பையன்கள் இல்லை, அவ்வளவுதான் விஷயம். நிரூபிக்கப்படவில்லை என்பதும் இல்லை என்பதும் வேறு வேறு. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் உச்ச நீதிமன்றமும் 2011-ல் என்டோசல்ஃபானை நிறுத்தியபோது, அந்த ஊர்களில் உள்ள ஒவ்வொரு நோய்க்கும் அதுதான் காரணம் என்று நிரூபணமாகியிருக்கவில்லை. நிறுத்துவதற்கு அது தேவைப்படவும் இல்லை. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது, அதே சமயம் அங்கே பிறந்த எல்லாக் குழந்தையின் குறையையும் அந்த மருந்தின் கணக்கில் எழுதுவது எனக்கு ஒப்பாது.

உங்கள் மாமியாருக்குச் சொல்ல வேண்டியது இது. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் எண்ணிக்கை தவறிப்போனதால் கலைபவை. அது பெரும்பாலும் முட்டையோ விந்தணுவோ உருவாகும்போதோ, கரு உருவாகும் கணத்திலோ நேரும் பிழை. நீங்கள் பப்பாளி தின்றதாலோ, குடம் தூக்கியதாலோ, வண்டியில் போனதாலோ வந்ததில்லை. அப்புறம், கரு என்பது பெண்ணின் உடம்பு மட்டும் சம்பந்தப்பட்டதும் இல்லை. உங்கள் கணவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லை, உங்களை யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். டேனரியில் ஃபினிஷிங் பிரிவில் கரைப்பான் புகையிலா, பேட்டரி உடைக்கும் இடத்திலா, வெல்டிங் பட்டறையிலா, பூச்சிமருந்து அடிக்கும் வேலையிலா? ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதனால் கரு தங்குவதற்கு முந்தைய மூன்று மாதம் அவர் என்ன சுவாசித்தார், எதைத் தொட்டார் என்பதற்கும் கணக்கு உண்டு. வேலை உடுப்போடு வீட்டுக்கு வராமல் அங்கேயே கழுவி மாற்றுவது, உடுப்பைத் தனியாகத் துவைப்பது, இவ்வளவே பெரிய வித்தியாசம் தரும்.

கரு கலைவதோடு மிக உறுதியாகத் தொடர்புள்ள உலோகம் எது என்று கேட்டால் நான் குரோமியத்தைச் சொல்ல மாட்டேன், காரீயத்தைத்தான் (லெட்) சொல்வேன். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பகுதியில் 1890-களில் காரீயக் குழாய்த் தண்ணீரால் பெண்களுக்குக் கரு கலைந்தது. அதைக் கவனித்த வேறு பெண்கள் வேண்டாத கருவைக் கலைக்கவே காரீய மாத்திரை விழுங்க ஆரம்பித்தார்கள், சிலர் செத்தும் போனார்கள். அது அதிக அளவு. குறைந்த அளவிலும் ஆபத்து உண்டு என்பதை மெக்சிகோ நகரத்தில் 1999-ல் வெளியான ஆய்வு காட்டியது: ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் காரீயம் கூடும்போது கரு கலையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கை நெருங்கியது. காரீயம் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், கர்ப்பத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து இறங்கும்போது கூடவே இறங்கும். சோகையும் சுண்ணாம்புக் குறைவும் இருந்தால் உடம்பு காரீயத்தை இன்னும் அதிகமாக இழுக்கும். உங்கள் வீட்டில் அது வர வழி இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் பழைய பேட்டரி உருக்குகிறார்களா? ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது என்று நம்பி வாங்குகிறோம், அதில் காரீயம் கலந்திருந்தால் புளி அதைக் கரைத்து இறக்கிவிடும். மட்டமான மஞ்சள் தூளில் நிறத்துக்காக லெட் குரோமேட் சேர்ப்பது வங்கதேசத்தில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, மஞ்சளைக் கிழங்காக வாங்கி அரைத்துக்கொள்வது நல்லது. முக்கியமாக, குழந்தை தங்குவதற்கென்று யாரோ கொடுத்த செந்தூரம், பற்பம் எதுவும் சாப்பிடுகிறீர்களா? நியூயார்க்கில் 2011-12-ல் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் காரீயம் ஏறியிருந்ததற்கு இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளே காரணமாக இருந்தன. நாட்டு மருத்துவத்தின் மேல் எனக்குப் பகையில்லை, ஆனால் ஆய்வக அறிக்கை இல்லாத உலோக மருந்தைக் கர்ப்பத்துக்குத் தயாராகும் யாரும் தொடக் கூடாது.

காற்றைப் பற்றியும் கேட்பார்கள். விறகு அடுப்புப் புகையும் ஊர்க் காற்றின் நுண்தூசியும் குழந்தையின் எடையைக் குறைக்கும் என்று நிறைய ஆய்வுகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்த ஆய்வில், நுண்தூசி ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் எடை சராசரியாக 4 கிராம் குறைந்தது. தமிழ்நாடும் ஓர் இடமாக இருந்த நான்கு நாட்டு ஆய்வில் 3,200 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பு கொடுத்துப் பார்த்தபோது, புகை நன்றாகக் குறைந்தும் குழந்தைகளின் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. சுவாசத்துக்காகப் புகையைத் தவிருங்கள், அதற்கு மேல் வாக்குக் கொடுக்க முடியாது. பிளாஸ்டிக்கில் உள்ள ரசாயனம், உலகம் முழுக்க விந்தணு குறைகிறது என்ற பேச்சு இவையெல்லாம் இன்னும் விவாதத்தில் இருப்பவை. சூடான குழம்பைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றாதீர்கள், மற்றபடி உங்கள் பிரச்சினையில் அதைத் தேட வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது. இன்றிலிருந்தே போர் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். குளிக்க, துணி துவைக்கப் பரவாயில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகமும் உப்பும் போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். கேண்டில் ஃபில்டராலும் பயனில்லை. ஆர்.ஓ. இயந்திரம் குறைக்கும், அதன் சவ்வை ஒழுங்காக மாற்றினால். காவிரித் தண்ணீரை வருகிற நாளில் பிடித்து மூடி வைத்துக்கொள்வதே மலிவான வழி. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். வழக்கமான சோதனையில் உலோகம் வராது, எனவே மொத்தக் குரோமியம், குரோமியம்-6, காரீயம், ஆர்சனிக் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அங்கே வசதி இல்லையென்றால் எங்கே அனுப்பலாம் என்று அவர்களே சொல்வார்கள். கூடவே மொத்தக் கரைந்த உப்பும் நைட்ரேட்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, 2,000-ஐத் தாண்டினால் வேறு வழியில்லாவிட்டாலும் குடிக்கக் கூடாது.

உங்கள் உடம்புக்கு: இரண்டு முறை கலைந்துவிட்டதால் காரணம் தேடும் பரிசோதனைகளைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தைராய்டு, சர்க்கரை, ஆன்டிபாஸ்போலிபிட் எதிர்ப்புரதம், கர்ப்பப்பை ஸ்கேன், முடிந்தால் இருவருக்கும் குரோமோசோம் சோதனை, கணவருக்கு விந்துப் பரிசோதனை. இவற்றில் பல மருந்தால் சரியாகக்கூடியவை, தண்ணீரையே பிடித்துக்கொண்டு இவற்றை விட்டுவிட்டால் அதுதான் நஷ்டம். ஹீமோகுளோபினும் ரத்தக் காரீயமும் ஒருமுறை பாருங்கள். போலிக் அமிலத்தை இப்போதே தொடங்குங்கள். முடியில் உலோகம் பார்க்கிறோம், உடம்பிலிருந்து விஷத்தை இறக்குகிறோம் என்று விற்பவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் வயதை எழுதவில்லை. முப்பதைத் தாண்டியிருந்தால் ஊர்ப் பிரச்சினை தீரட்டும் என்று கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். தண்ணீரை மாற்றி மூன்று நான்கு மாதம் போதும். வீட்டையே மாற்ற வேண்டுமா என்பது அறிக்கை வந்த பிறகு யோசிக்க வேண்டியது.

அறிக்கையில் குரோமியம் 0.05-ஐத் தாண்டியிருந்தால் அதோடு நிற்காமல் தெருவின் மற்றப் போர்களிலிருந்தும் மாதிரி எடுங்கள். எந்த வீடு, எந்தத் தேதி, எத்தனை அடி ஆழம் என்று எழுதி வையுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள். மனுவில் கரு கலைந்த கதையை முதலில் வைக்காதீர்கள், அதைத்தான் எதிர்த்தரப்பு எளிதாக மறுக்கும். பாலாற்று டேனரிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் கொடுத்த தீர்ப்பு, கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைத் தொழில் நடத்துபவர் மேல் வைத்திருக்கிறது. ஆகவே தண்ணீர் கெட்டிருக்கிறது என்று காட்டினாலே போதும். யாருடைய கரு எதனால் போனது என்று நீங்கள் நான்கு பேரும் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.